ஸ்ராட் வராத எஞ்சினும் வன்னிக் கராஜும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் இலங்கையின் வடக்கில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பது இன்று பழங்கதை ஆகிவிட்டது. ஊர் மலர்களிலும் புலம்பெயர்ந்தோர் ஒன்றுகூடல்களிலும் அதைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் சொல்பவர்கள் எல்லோரும் கார் ஓடியதைத்தான் சொல்கிறார்கள். சூடேறிய பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயை எரித்துக்கொண்டு ஓடுவதில் பெரிய மர்மம் கிடையாது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருந்தது. கழற்றிப் பூட்டித் திருத்தி முடித்த வாகனம் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே 1990 முதல் 2002 வரையான அந்த 12 ஆண்டுகளில், வன்னியில் ஒரு மெக்கானிக் திருத்த வேலையை முடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்ராட் வராத வாகனம் ஒன்றின் முன்னால்தான் நின்றார். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, மல்லாவி போன்ற இடங்களின் கராஜ்காரர் பிழை கண்டுபிடிப்பதில் பெற்ற தேர்ச்சி இந்த ஒரு நிலைமையிலிருந்து வளர்ந்தது என்பதே என் வாதம். அவர்களைக் கைராசிக்காரர் என்று புகழ்ந்துவிட்டுப் போவது வழக்கம். மூளைக்குச் சேரவேண்டிய மதிப்பை அந்தப் புகழ் கைக்குக் கொடுத்துவிடுகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து, இரும்பு, உரம் என்று நீண்டதொரு பட்டியல் தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அரசாங்க அதிபர் ஊடாக ஒதுக்கப்பட்டு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்டது. அந்த அளவுக்குள்தான் படிக்கிற பிள்ளையின் ஜாம் போத்தல் விளக்கும், தோட்டத்து நீரிறைக்கும் மிசினும், வாகனமும் அடங்கவேண்டும். பெற்றோல் அடியோடு இல்லாமலும் போகவில்லை. களவாக வந்தது, தெருவோரத்தில் போத்தலில் விற்கப்பட்டது, விலை சாதாரண ஆளுக்கு எட்டாதிருந்தது. ஒருவர் கையில் ஒரு போத்தல் பெற்றோல் இருந்தால் அது ஓடுவதற்கு உரியதல்ல, ஸ்ராட் எடுப்பதற்கு உரியது. வன்னியில் இந்த நெருக்கடி போகப்போக இறுகியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து, அவர்களில் பெருந்தொகையானோர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. 1997 மே மாதம் இராணுவம் தொடங்கிய ‘ஜயசிக்குறுய்’ நடவடிக்கை ஏ-9 வீதியைப் போர்க்களமாக்கியது. 1998 டிசம்பரில் ஒட்டுசுட்டானும் விழுந்து, அடுத்த ஆண்டு நவம்பர் வரை மாங்குளம் - முல்லைத்தீவு வீதி அங்கே அறுந்து கிடந்தது. அந்த வீதியின் கிழக்கு முனையை அண்டிய முள்ளியவளை, சனம் பெருத்து வழிகள் சுருங்கிய ஊர்களில் ஒன்றானது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றவும், இடம்பெயரும் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமானை ஏற்றவும், நெல் மூட்டை ஏற்றவும் இருந்த வாகனங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று படுத்தால் அதற்குப் பதிலாக இன்னொன்று வராது.

இந்த மண்ணெண்ணெய் வித்தை 1990 இல் திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன்பாகக் கடல்நீரில் விளக்கெரியும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட ஊருக்கு மண்ணெண்ணெய்க் கார் ஓர் அதிசயமா என்று யாராவது வேடிக்கையாகக் கேட்கலாம். அது நம்பிக்கையின் விடயம். இது ஆவியாதலின் விடயம், அதன் பாடம் ஏற்கெனவே ஒவ்வொரு தோட்டத்துக் கிணற்றடியிலும் நடந்துகொண்டிருந்தது. வடக்கின் வெங்காய, மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு நீர் இறைத்த வில்லியர்ஸ் போன்ற மிசின்கள் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்பட்டவை. பிரித்தானியாவிலோ உழவு இயந்திரங்களுக்கென்றே மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஒன்றைத் தனியாக விற்றார்கள். பேர்கியூசன் நிறுவனம் 1949 இல் அதில் ஓடும் ரகம் ஒன்றை வெளியிட்டது. அதிலும் சிறிய பெற்றோல் தாங்கியில் தொடங்கி, எஞ்சின் கொதித்தபின் திருகை மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆக, ஸ்ராட் வருவது ஒரு வேலை, ஓடுவது வேறொரு வேலை என்ற பிரிப்பு தோட்டக்காரனுக்கும் உழவு இயந்திரக்காரனுக்கும் தெரிந்ததுதான். தடை அந்தப் பிரிப்பைக் காருக்கும் பிக்கப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கட்டாயமாக்கியது. அதோடு பெற்றோல் தாங்கியை ஒரு சிறு போத்தலாகவும் சில நேரங்களில் ஊசிக்குழல் அளவுக்கும் சுருக்கியது.

பழைய வாகனங்கள் இதற்கு ஒத்துழைத்தன என்பதையும் சொல்லியாகவேண்டும். பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலும் தீப்பற்றும்; மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகையாவது வேண்டும். வன்னியின் சித்திரை மதியம் அந்த அளவுக்குக் கிட்ட வரும், மார்கழி விடியல் வராது. ஆகவே உள்ளே போகும் கலவையை யாராவது சூடாக்கித் தரவேண்டும். 1952 முதல் மொறிஸ் மைனரில் வந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி பூட்டப்பட்டிருக்கும். குளிர்நாட்டுக்காகச் செய்த அந்த அமைப்பு இங்கே மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் கொடுத்தது. அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதமும் குறைவு. அதனால் மண்ணெண்ணெயின் தட்டலை அவை ஓரளவு தாங்கின. பற்றரி சோர்ந்துபோனால் முன்னால் ஹான்டிலைச் செருகிச் சுற்றலாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, 1977 வரை அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்ததால், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவை வடக்கில் கிழடு தட்டியும் உழைத்துக்கொண்டிருந்தன. 1977 க்குப் பிறகு வந்த ஜப்பான் வாகனங்களுக்கு இந்தப் பொறுமை குறைவு. மோட்டார் சைக்கிள்களில் ஹொண்டா எம்டி-90 வன்னியில் அத்தனை பெயர் எடுத்ததற்கு, பற்றரி செத்தாலும் உதைத்து ஸ்ராட் எடுக்கலாம் என்பது சிறிய காரணம் அல்ல. பற்றரியே தடைப்பட்டியலில் இருந்த காலம் அது.

இனி விடயத்துக்கு வருவோம். ஒரு பழைய பெற்றோல் பிக்கப்பின் தலைப்பகுதியைக் கழற்றி வால்வு தேய்த்துப் பூட்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ராட் வரவில்லை. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் அதன் பொருள் ஒன்றுதான்: பூட்டியதில் எங்கோ பிழை. தடைக்கால வன்னியில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. பூட்டியதில் பிழை இருக்கலாம். அல்லது எல்லாம் சரியாகவே இருந்து, குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்க மறுக்கலாம். இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவன் சரியாக இருப்பதை மறுபடி கழற்றிக் கெடுப்பான். கழற்றும்போது உடையும் கேஸ்கற்றுக்கு மாற்று இல்லாததால் அது மன்னிக்கமுடியாத பிழை. அதனால் உருவானதுதான் சொட்டுப் பெற்றோல் முறை. காபரேற்றரின் வாயில் சில சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினைச் சுற்றுவார்கள். ஊர் இதை ஸ்ராட் எடுக்கும் தந்திரமாகப் பார்த்தது. தேர்ந்த மெக்கானிக்குக்கு அது பரிசோதனை. சொட்டு விட்டதும் பிடித்து, இரண்டு மூன்று வெடி வெடித்து அணைந்தால், பிளக்கில் பொறி வருகிறது, றைமிங் சரி, அமுக்கமும் இருக்கிறது; குறை எரிபொருள் பக்கத்தில்தான். ஒரு வெடியும் இல்லாமல் வெறுமனே சுற்றினால் பொறி பக்கம் பார்க்கவேண்டும். காபரேற்றர் வழியாகத் திருப்பித் துப்பினால் பொறி வருகிறது, வரக்கூடாத நேரத்தில் வருகிறது. ஒரே செயலில் மூன்று விடை. இந்தச் சோதனை உலகெங்கும் மெக்கானிக்குகள் அறிந்ததுதான். வேறிடங்களில் விடை பிடிபடாவிட்டால் இன்னும் நான்கு தடவை விட்டுப் பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொரு சொட்டுக்கும் விலை இருந்தது, பற்றரியின் ஒவ்வொரு சுற்றுக்கும் விலை இருந்தது. அதனால் சுற்றுவதற்கு முன்பே யோசிக்கவேண்டியிருந்தது.

யோசிப்பதில் முதல் படி, கடைசியாகக் கை பட்ட இடத்தைச் சந்தேகிப்பது. நேற்றுவரை ஓடிய வாகனத்தில் இன்று புதிதாக ஏற்பட்ட குறை, பெரும்பாலும் இன்று கழற்றிப் பூட்டிய ஒன்றிலேயே இருக்கும். மைனர் வகை எஞ்சினில் பிளக்குகள் வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. வயர்களைக் கழற்றும்போது அடையாளம் வைக்காவிட்டால், மூன்றும் இரண்டும் இடம் மாறிய எஞ்சின் தும்மும், ஓடாது. டிஸ்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டைக் கழற்றித் திரும்பப் போடுகையில் அரைச்சுற்று மாறினால், எல்லாப் பொறியும் புகை வெளியேறி முடிகிற நேரத்தில் வரும். அதுதான் திருப்பித் துப்புகிற கதை. பொயின்ற் இடைவெளி ஆயிரத்தில் 15 அங்குலம் இருக்கவேண்டும். கழுவித் துடைத்த பின் அதில் ஒரு எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தாலே பொறி செத்துவிடும். எஞ்சினையும் வாகனத்தின் சட்டத்தையும் இணைக்கும் தடித்த எர்த் வயரைப் பூட்ட மறந்தால் ஸ்ராற்றர் முனகும், சுற்றாது, குற்றம் பற்றரியின் தலையில் விழும். இன்னொரு வலையும் இருந்தது. பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனையே சட்டத்தோடு இணையும். ஜப்பான் வாகனங்களில் எதிர்முனை. ஒன்றிலிருந்து கழற்றிய பற்றரியை இன்னொன்றுக்குப் பழக்கதோஷத்தில் மாறிப் பூட்டினால் திருத்தியதை விடப் பெரிய திருத்தம் வந்து சேரும். இவை ஒன்றுக்கும் புதிய பாகம் தேவையில்லை. தேவையானது ஞாபகமும் வரிசையும். பாகம் இல்லாத நாட்டில், பாகம் தேவைப்படாத பிழைகளை முதலில் ஒதுக்கிவிடுவது அறிவு என்று நான் சொல்வேன்.

டீசல் பிக்கப்பில் கதை வேறு. அங்கே பொறி கிடையாது. அமுக்கச் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்றும். ஹைலக்ஸ் போன்றவற்றின் பழைய டீசல் எஞ்சின்களில் திருத்தத்துக்குப் பின் ஸ்ராட் வராமைக்கு மிகச் சாதாரணமான காரணம் எயர் பிடிப்பது. பில்ரரைக் கழற்றினாலே குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பில்ரர் தலையிலுள்ள கைப்பம்பை அமுக்கி, நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை எயர் எடுக்கவேண்டும். பம்பில் எரிபொருளைத் திறந்து மூடும் சிறிய மின்வால்வின் வயரைப் பூட்ட மறந்தால், எத்தனை எயர் எடுத்தாலும் பயனில்லை. டீசலுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் ஓடும். ஆனால் அதில் வழுவழுப்புக் குறைவு என்பதால் பம்பு தேயும். சிறிது எண்ணெய் கலந்து அதைச் சமாளிக்கப் பார்த்தார்கள். தேய்ந்த பம்பைத் திரும்பச் சரிப்படுத்தும் இயந்திரம் வன்னிக்குள் எளிதில் கிடைக்கும் பொருளா?

என் வாதத்தை எதிர்க்கும் நியாயங்கள் உண்டு, அவை இலேசானவை அல்ல. முதலாவது, இது வறுமையைப் புகழ்வது என்பது. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் அழிந்துதான் போயின. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி அடியிலுள்ள ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஒயில் அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும், பெயறிங்குகள் உருகும். நோயாளியை ஏற்றிய வாகனம் வழியில் நின்றதால் உண்டான இழப்பை எந்தத் திறமையும் ஈடுசெய்யாது. முழுவதும் சரி. தடையை நியாயப்படுத்த இந்தத் தொழில்திறனைக் காட்டுவது, அடித்து வளர்த்த பிள்ளை கெட்டிக்காரன் என்று தகப்பன் பெருமைப்படுவது போன்றது. ஆனால் அநியாயமான நிலைமையில் பிறந்ததால் அறிவு அறிவாக இல்லாமல் போய்விடாது. ஒயில் மட்டம் ஏறுவதை நோயின் அறிகுறியாக வாசிக்கக் கற்றவர்களும் அதே மெக்கானிக்குகள்தான். அழிவைத் தாமதப்படுத்தத் தெரிந்ததையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இரண்டாவது, கியூபாவும் இதையே செய்தது, வன்னிக்கென்று தனிச்சிறப்பு ஏது என்பது. 1960களிலிருந்து அமெரிக்கத் தடைக்குள் இருந்த கியூபர்கள் பழைய செவர்லேக்களை இன்றும் ஓட்டுகிறார்கள். ஆயினும் அவர்களுடைய கலை மாற்றிப் பொருத்தும் கலை. சோவியத் வாகனங்களின் எஞ்சினையும் பாகங்களையும் அமெரிக்க உடலுக்குள் இறக்கினார்கள், ஏனெனில் அவை கிடைத்தன. வன்னியில் மாற்றிப் பொருத்துவதற்கு உடைந்த வாகனங்களே மூலதனம். அதைவிட, எரிபொருளே பொருந்தாத ஒன்றாக இருந்தது. பாகம் இல்லாமை ஒரு வகைத் திறமையைக் கேட்கும். எரிபொருள் இல்லாமை வேறொன்றைக் கேட்கும். ஸ்ராட் வராமையைப் படிப்படியாக ஆராயும் பழக்கம் இரண்டாவதிலிருந்தே வந்தது.

மூன்றாவது, திறமை ஊர்க் கராஜில் வளரவில்லை, விடுதலைப் புலிகளின் வாகனப் பணிமனைகளிலிருந்து ஊருக்கு வந்தது என்பது. அவர்களிடம் தனிப் பணிமனைகள் இருந்தன, ஆட்களுக்கு அங்கே பயிற்சியும் கிடைத்தது, இதை மறுக்கமுடியாது. ஆனால் எரிபொருளுக்கும் பாகத்துக்கும் முன்னுரிமை பெற்ற இடத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலை எண்ணிப் பார்க்கவேண்டிய தேவை குறைவு. தேவை கடுமையாக இருந்தது வாடகைக்கு ஓடியவனுக்கும் நெல் ஏற்றியவனுக்கும், அவர்களை நம்பியிருந்த சந்திக் கராஜுக்கும். அறிவு இருபக்கமும் போய்வந்திருக்கும் என்பதே என் முடிவு. 1995 க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கார் அறிவைக் கொண்டுவந்தார்கள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் குடியேற்றத் திட்டங்களின் உழவு இயந்திர அறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சந்தித்த நிலம் வன்னி.

2002 ஜனவரியில் தடை தளர்ந்தது, பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது, ஏ-9 திறந்தது. கொழும்பிலிருந்து பாகங்கள் வந்து குவிந்தன. 2006 ஓகஸ்ரில் பாதை மீண்டும் மூடியது. 2008 முடியும் வேளையில் முள்ளியவளை முழுதாக வெறுமையானது. 2009 மே மாதத்துக்குப் பிறகு புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் குவிந்து துருப்பிடித்துக் கிடந்த பஸ்கள், உழவு இயந்திரங்கள், மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தவர்கள் பலர். அவை பிறகு பழைய இரும்பாகப் போயின. ஒவ்வொன்றும் எத்தனை தடவை, எதைக்கொண்டு திருத்தப்பட்டது என்பதற்கான சாட்சியும் அவற்றோடு போய்விட்டது. மீள்குடியேறிய ஊரில் இன்று பட்டா லொறியும் குத்தகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. ஸ்ராட் வராவிட்டால் ஸ்கானரைப் பூட்டி, அது காட்டும் பாகத்தை மாற்றுவார்கள். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் திருத்திய பின் ஏற்பட்ட குறையை ஸ்கானர் எப்போதும் காட்டாது. பூட்ட மறந்த எர்த் வயருக்குக் குறியீட்டு எண் வருவதில்லை.

பழைய வாகனங்களின் காலம் முடிந்தது என்று சொல்வதற்கும் அவசரப்படவேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் முப்பது வயதுப் பிக்கப்பின் விலையும் ஏறியது. 2022 இல் முழு நாடும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. வன்னிக்கு அது புதிய அனுபவம் அல்ல. அந்த ஓகஸ்ரில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, முன்பு கைகொடுத்த அந்தக் கடைசி வழியும் அடைபட்டது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பமும் ஒரு பாடம். அங்கே படிக்கும் பிள்ளைகள் புதிய எஞ்சின்களைக் கற்பது சரியே. அவர்களுடைய வகுப்பறைக்கு ஒரு நாளாவது பழைய கராஜ்காரர் ஒருவரை அழைத்து, சொட்டுப் பெற்றோலில் எதை எப்படி வாசித்தார் என்று சொல்லச் செய்யலாம். நூலக நிறுவனம் போன்ற ஆவணப்படுத்துவோர் இதையும் வாய்மொழி வரலாறாகப் பதியலாம். போரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அந்தப் போருக்குள் ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து வெயிலில் காயவைத்தவரைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. முள்ளியவளையிலோ ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ அந்தக் காலத்தில் கராஜ் நடத்தியவரை உங்களுக்குத் தெரியுமென்றால், போய்க் கேட்டு இப்போதே பதிந்துவையுங்கள். அன்று உதவியாளராக நின்ற பொடியனுக்கே இன்று வயது ஐம்பதை நெருங்குகிறது.